மாம்பலம் பழைய வீடு: வாஷ்பேசின் அடியில் ஒழுகுகிறது, சுவரை உடைக்கத்தான் வேண்டுமா?

மாம்பலத்தான்:
மேற்கு மாம்பலத்தில் அப்பா 1970களில் கட்டிய வீடு. தரைத்தள பாத்ரூமில் அந்தக் காலத்து வெள்ளை பேசின், ராணிப்பேட்டை பாரிவேர். அதில் ஒரு கீறல்கூட இல்லை, மாற்ற அம்மா சம்மதிக்கவும் மாட்டார். தொல்லையெல்லாம் அடியில்தான். பேசின் ஓட்டையில் மாட்டியிருக்கும் பித்தளை வேஸ்ட் கப்ளிங் (தண்ணீர் இறங்கும் துண்டு) பச்சை பூத்துக் கிடக்கிறது. அதன் கீழே ஒரு எல்போ (வளைவு இணைப்பு), அங்கிருந்து ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) நேராகச் சுவருக்குள் போகிறது. நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீர் நிற்கிற ட்ராப் என்று எதுவும் கிடையாது. கப்ளிங்கும் எல்போவும் சேரும் இடத்தில் யாரோ எப்போதோ எம்-சீலை அப்பி வைத்திருக்கிறார்கள், அதுவும் விட்டுப்போய்ச் சொட்டுகிறது. கீழே ஒரு வாளி நிரந்தரமாக இருக்கிறது. தண்ணீரும் ரொம்ப மெதுவாகத்தான் இறங்குகிறது.

இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்தார்கள். சுவர் டைல்ஸை உடைத்து, தரையையும் கொஞ்சம் வெட்டி, நானி ட்ராப் (பாத்ரூம் தரையில் துளைத் தட்டு, அதாவது ஜாலிக்கு அடியில் இருக்கும் ட்ராப்) வரைக்கும் புது லைன் இழுக்கணும் என்கிறார் ஒருவர். நெளி ஹோஸ் ஒன்று மாட்டித் தரையில் விட்டால் போதும், அரை மணி வேலை என்கிறார் இன்னொருவர். டைல்ஸ் நடுவில் ஒரு தடவை புதிதாகப் போட்டது, அந்த டிசைன் இப்போது கடையில் இல்லை. உடைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடும். யாராவது இப்படிப்பட்ட வீட்டில் வேலை பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ரெஞ்சு:
சார், நான் பிளம்பிங் வேலைதான் பார்க்கிறேன், வேளச்சேரி பக்கம். ஹோஸ் போடச் சொன்னவரைத் திட்டாதீர்கள். சென்னையில் பாதி வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. நானி ட்ராப்பில் எப்போதும் தண்ணி நிற்கும், அதுவே நாற்றத்தைத் தடுத்துவிடும், தனி ட்ராப் தேவையில்லை. ஆனால் நெளி ஹோஸில் ஒவ்வொரு மடிப்பிலும் முடியும் சோப்பு அழுக்கும் உட்காரும். எலி கடிக்கும். தரை ஜாலியில் சும்மா செருகி வைத்தால் சுற்றியுள்ள இடைவெளி வழியாகக் கரப்பான் வரும். வாடகை வீட்டுக்குச் சரி, சொந்த வீட்டுக்கு நான் போட மாட்டேன்.

பேசினில் நிரம்பி வழியாமல் இருக்க மேலே ஒரு ஓட்டை இருக்கிறதா? அதைப் பொறுத்துத்தான் கப்ளிங் வாங்கணும்.

அடையாறு வாடகை:
மெதுவாக இறங்குகிறது என்றால் முதலில் ஆசிட் ஊற்றிப் பாருங்களேன். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்வோம்.

ஓய்வு ஓவர்சியர்:
தயவுசெய்து வேண்டாம். ஜி.ஐ. பைப்பின் உள்ளே இருக்கும் துத்தநாகப் பூச்சை ஆசிட் முதலில் தின்னும், அப்புறம் இரும்பைத் தின்னும். அவர் பைப் ஏற்கெனவே சல்லடையாக இருக்கலாம், மிச்சத்தையும் முடித்துவிடும். அடுத்த நாள் அதைக் கழற்றுகிறவன் முகத்தில் தெறிப்பதும் அந்த ஆசிட்தான். இன்னொன்று: அதே பேசினில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால், ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் விளையாட்டல்ல அது.

தம்பி மாம்பலத்தான், அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் போர்வெல் தண்ணீர். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பசையாகிப் பைப்பின் உட்சுவரில் ஒட்டும். ஜி.ஐ. பைப் உள்ளே துருவேறிச் சொரசொரப்பாக இருப்பதால் பிடிப்பு இன்னும் அதிகம். ஒன்றேகால் அங்குலப் பைப்பை வெட்டிப் பார்த்தால் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். மேலே பித்தளை, கீழே இரும்பு, நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் இரும்புதான் முதலில் அரிக்கும். அந்த இணைப்பில் எதை அப்பினாலும் நிற்காது.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பைப் சுவருக்குள் போய் எங்கே வெளியே வருகிறது?

மாம்பலத்தான்:
ரெஞ்சு, ஓட்டை இருக்கிறது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கம்.

ஐயா, எங்கே வருகிறது என்று தெரியவில்லை. அப்பாவும் இப்போது இல்லை, வரைபடமும் இல்லை. தரைக்குள் இறங்கி நானி ட்ராப்புக்குப் போகிறது என்றுதான் இரண்டு பிளம்பர்களுமே நினைத்தார்கள்.

ஓய்வு ஓவர்சியர்:
நினைத்தார்கள், சரி. பார்த்தார்களா?

அந்தக் காலத்தில் தனி வீடுகளில் இரண்டு குழாய் முறையில்தான் வேலை நடந்தது. கக்கூஸ் தண்ணீர் தனிக் குழாயில் நேராக சேம்பருக்கு (சாக்கடைத் தொட்டி) போகும். குளியலறை, பேசின், சமையலறைத் தண்ணீர் சுவரைத் தாண்டி வெளியே வந்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் இருக்கும் கல்லி ட்ராப்பில் திறந்தபடி விழும். கல்லி ட்ராப்பில் நிற்கிற தண்ணீர் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் என்பதால், பேசினுக்குத் தனியாக ட்ராப் வைக்காமல் விட்டவர்கள் ஏராளம். உங்கள் பேசினில் ட்ராப் இல்லை என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. பேசின் மாட்டியிருப்பது வெளிச்சுவர் என்றால் கிட்டத்தட்ட உறுதி.

ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் நன்றாகக் கலந்து பேசினில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே நானி ட்ராப் ஜாலியைத் தூக்கிப் பார்க்கட்டும், இன்னொருவர் சந்தில் நிற்கட்டும். நீலம் எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகு உடைப்பதைப் பற்றிப் பேசலாம்.

பெரம்பூர்க்காரி:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். நாங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஈரம். எங்கள் பேசின் பைப்தான் காரணம் என்று அவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இந்த நீலம் எனக்கும் உதவுமா?

ரெஞ்சு:
மேடம், உங்கள் கேஸ் வேறு. மாடியில் பாத்ரூம் தரைக்கு அடியில் பள்ளம் விட்டு நிரப்பியிருப்பார்கள், அதற்குள்தான் லைன் எல்லாம் ஓடும். முதலில் இரண்டு நாள் பேசினை மட்டும் உபயோகிக்காமல் இருங்கள். ஈரம் குறைந்தால் பேசின் லைன்தான். குறையாவிட்டால் நானி ட்ராப்பின் வாயைத் துணியால் இறுக்கி அடைத்துத் தரையில் அரை அங்குலம் தண்ணி நிறுத்துங்கள். ஈரம் அதிகமானால் தரையின் வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கிறது என்று அர்த்தம். தண்ணியே படாத நேரத்திலும் சொட்டினால் பிரஷர் லைன், அதாவது குழாய்க்கு வருகிற பைப். இந்த மூன்றும் தெரியாமல் யார் வந்து உடைத்தாலும் விடாதீர்கள்.

பெரம்பூர்க்காரி:
நன்றி அண்ணா. கீழ்வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்தே செய்கிறேன், அப்போதுதான் நம்புவார்.

மாம்பலத்தான்:
நீலம் சந்தில் வந்தது! நானி ட்ராப்பில் ஒரு சொட்டுகூட இல்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், செடித்தொட்டி மறைத்திருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த பைப் முனை, அதன் கீழே இரும்பு ஜாலி போட்ட கல்லி ட்ராப். பேசின் இருப்பது வெளிச்சுவரில்தான். ஒன்பது அங்குலச் சுவர். பேசினுக்குப் பின்னால் நுழைகிற பைப் நேரே அந்தப் பக்கம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதற்காகவா தரையை வெட்டச் சொன்னார்கள்?

ஓய்வு ஓவர்சியர்:
கோபப்படாதீர்கள். இன்றைய பிளம்பர்கள் பழகியது எல்லாம் அடுக்குமாடி லைன். ஆனால் இப்போது உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. உள்பக்க டைல்ஸைத் தொடவே வேண்டாம். வெளியே இருந்து பூச்சை உளியால் கொத்தி, பைப்பைச் சுற்றியுள்ள கலவையைத் தளர்த்தி, வெளிப்பக்கமாகவே இழுத்துவிடலாம். உள்ளே எல்போவை முதலில் ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள், ரெஞ்ச் போட்டுத் திருக வேண்டாம். பழைய மரை அசையாது, டைல்ஸ்தான் விரியும்.

அந்த ஓட்டையில் 40 மி.மீ. பி.வி.சி. பைப் போடுங்கள், சாம்பல் நிற எஸ்.டபிள்யூ.ஆர். ரகம் (கழிவுநீருக்கான பைப்). வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கணும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிவு போதும். உங்கள் சுவருக்கு அந்தக் கால் அங்குலத்திலும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனால் அது இருந்தே ஆகணும். கொத்தனார்கள் பைப்பை ஸ்பிரிட் லெவலில் நேராக வைத்துவிட்டு நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொள்வார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ரெஞ்சு:
ஐயா சொன்னதோடு ஒன்று. ஓட்டையை அடைத்துப் பூசுவதற்கு முன்னால் பாட்டில் ட்ராப்பை (பேசினுக்கு அடியில் மாட்டும், கீழே கிண்ணம் உள்ள ட்ராப்) வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்ளிங்கின் நீளம், ட்ராப்பின் உயரம் இரண்டும் சேர்ந்து வெளிவாய் எங்கே வருகிறது என்று பேசினில் மாட்டிப் பார்த்து, அதற்கு ஏற்றபடி சுவர்ப் பைப்பை வைக்கணும். ட்ராப்பின் வாய் சுவர் ஓட்டையைவிடக் கீழே வந்தால் தண்ணி மேலே ஏறித்தான் போகணும், எங்கே போகும்? கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், கப்ளிங் நீளத்தையும் அறுத்துக் குறைக்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது.

கப்ளிங்: உங்கள் பேசினில் மேலே ஓட்டை இருப்பதால் ஹாஃப் த்ரெட் வாங்குங்கள். அதன் மேல்பாதியில் மரை இருக்காது, பக்கவாட்டில் வெட்டு இருக்கும். மேல் ஓட்டையில் இறங்குகிற தண்ணி பேசினின் உடம்புக்குள்ளே வந்து அந்த வெட்டு வழியாகக் கப்ளிங்குக்குள் போகும். ஃபுல் த்ரெட் மாட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும், குழாயை மூட மறந்தால் பாத்ரூம் குளம்தான். பாரிமுனையோ உங்கள் தெருமுனைக் கடையோ, பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கையில் வருவதைக் கொடுப்பார்கள்.

உப்புத்தண்ணி:
பித்தளையா, பிளாஸ்டிக்கா? நங்கநல்லூரில் எங்கள் போர் தண்ணீரில் குரோம் பூச்சு சீக்கிரமே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விட்டுவிடுகிறது. பளபளப்புக்குக் காசு கொடுத்து ஏமாற மனசில்லை.

ஓய்வு ஓவர்சியர்:
உப்பு அதிகமான தண்ணீர் பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் ஓட்டை ஓட்டையான பண்டம், கையால் அழுத்தினாலே உடையும். மெலிந்த பித்தளை ட்ராப்பில் இது சீக்கிரம் நடக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் என் ஓட்டு நல்ல கனமான பிளாஸ்டிக் ட்ராப்புக்குத்தான். கப்ளிங்கை மட்டும் பித்தளையில் வாங்குங்கள், அதுவும் கையில் வைத்தால் கனம் தெரியணும். பிளாஸ்டிக் கப்ளிங்கின் மரை இறுக்கும்போதே வழுக்கிவிடும்.

ரெஞ்சு:
ஐயா, இதில் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். ட்ராப் எந்த ரகமானாலும் முடி அடைத்துக்கொள்ளும். பாட்டில் ட்ராப்பில் கீழ்க்கிண்ணத்தைத் திருகிக் கழுவ வசதி இருக்கிறது, சரி. ஆனால் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழற்றி மரை தேய்ந்து, அப்புறம் சொட்டுகிற வீடுகளுக்குத்தான் என்னை அதிகம் கூப்பிடுகிறார்கள். நல்ல பித்தளை போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது என் அனுபவம்.

ஓய்வு ஓவர்சியர்:
வேளச்சேரித் தண்ணீருக்கும் நங்கநல்லூர்த் தண்ணீருக்கும் வித்தியாசம் இருக்கிறதே, ரெஞ்சு. போகட்டும், மாம்பலத்தான் முடிவு செய்யட்டும்.

மாம்பலத்தான்:
எனக்கு வேறு சந்தேகம். வெளியே கல்லி ட்ராப் இருக்கிறது, இத்தனை வருஷம் பேசினில் ட்ராப் இல்லாமலே ஓடிவிட்டது. இப்போது எதற்கு? இரண்டு ட்ராப் இருந்தால் தண்ணீர் தேங்கும் என்றும் எங்கோ படித்தேன்.

ஓய்வு ஓவர்சியர்:
சாக்கடைக் காற்றைக் கல்லி ட்ராப் தடுக்கும். ஆனால் பேசினிலிருந்து வெளியே போகும் பைப்பிலேயே அழுக்கு படிந்து நாறுமே, அதை எது தடுக்கும்? வெளியே பைப் முனை திறந்திருக்கிறது, கரப்பானும் பல்லியும் நேராகப் பேசினுக்கு வரலாம். அதற்காகத்தான் உள்ளே ஒரு ட்ராப்.

இரண்டு ட்ராப் கூடாது என்பது அரைகுறையாகப் பரவிய பேச்சு. இரண்டுக்கும் நடுவில் காற்று போய்வர வழி இல்லாமல் பைப் முழுதும் இறுக்கி மூடியிருந்தால்தான் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் திணறும். பாட்டில் ட்ராப்பிலிருந்து வரும் பைப்பை நானி ட்ராப்பின் பக்கவாயில் சிமென்ட் வைத்து அடைக்கிறார்களே, அங்கே அந்தத் தொல்லை வரும். உங்களுக்கு வெளியே திறந்தல்லவா விழப்போகிறது.

அடையாறு வாடகை:
நாங்கள் நெளி ஹோஸையே பாம்பு மாதிரி வளைத்துக் கயிறு கட்டி வைத்திருக்கிறோம், வளைவில் தண்ணி நிற்கிறது. அதுவும் ட்ராப்தானே?

ரெஞ்சு:
கயிறு அறும் வரைக்கும் ட்ராப்தான். அந்த வளைவுக்குள் எவ்வளவு முடி இருக்கிறது என்று ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், அன்று சாப்பாடு இறங்காது. ஓனரிடம் கேளுங்கள், சுவர் லைன் அவர் பொறுப்பு. ஹோஸ் வேண்டுமானால் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

மாம்பலத்தான்:
வேலை ஆரம்பித்துவிட்டது. எல்போவை அறுத்தாச்சு, ஓவர்சியர் ஐயா சொன்ன பென்சில் வழிகூட அதில் இல்லை. பைப்பையும் வெளியே இருந்து எடுத்துவிட்டோம், டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பேசினில் இருக்கும் கப்ளிங்கின் நட் அசைய மறுக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தும் பலனில்லை. பிளம்பர் சுத்தியலை எடுத்தார், நான் தடுத்துவிட்டேன்.

ரெஞ்சு:
நல்ல வேளை! பீங்கானில் அடி விழுந்தால் அப்போது தெரியாது, சுடுதண்ணி ஊற்றும் நாளில் விரிசல் ஓடும். ஹாக்ஸா பிளேடை மட்டும் தனியாக எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு நட்டைச் சாய்வாக அறுங்கள். முழுசாக அறுக்க வேண்டாம், மரை தெரியும் வரை போதும். அந்த வெட்டில் திருப்புளியை வைத்துத் திருகினால் நட் பிளந்துவிடும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், சூட்டில் பீங்கான் தாங்காது.

புதுக் கப்ளிங் மாட்டும்போது கவனம்: ஹாஃப் த்ரெட்டில் மேல் விளிம்பை மட்டும் வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தால் போதாது. வெட்டு வழியாகத் தண்ணி பேசினுக்கும் கப்ளிங்குக்கும் நடுவில் வந்துகொண்டே இருக்கும், அதைப் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான். அதனால் அடிவாஷருக்குச் சிலிக்கான் வைத்து, நட் உட்காரும் மரையில் டெஃப்ளான் டேப்பும் சுற்றுங்கள். நட்டை இறுக்கும்போது கப்ளிங் சேர்ந்து சுழலும். மேலே உள்ள குறுக்குக் கம்பியில் கட்டிங் பிளேயரின் இரண்டு பிடியையும் விட்டு ஒருவர் பிடித்துக்கொள்ளணும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கொஞ்சமே கொஞ்சம் ரெஞ்ச். ட்ராப்பின் கூம்பு வாஷரில் சரிந்த பக்கம் ட்ராப்பின் வாயைப் பார்த்து இருக்கணும், தட்டைப் பக்கம் நட்டைப் பார்த்து.

ஓய்வு ஓவர்சியர்:
அப்படியே பேசினைத் தாங்கும் பிராக்கெட்டையும் பாருங்கள், தம்பி. வார்ப்பிரும்பு பிராக்கெட்டின் ஸ்குரூக்களை அப்போதெல்லாம் சுவரில் பதித்த மரக்கட்டையில்தான் ஏற்றுவார்கள். இத்தனை நாள் ஒழுகிய தண்ணீரில் கட்டை உளுத்திருக்கலாம். புதுப் பைப் போட்ட மறுவாரம் பேசின் கீழே வந்தால் எல்லாம் வீண்.

மாம்பலத்தான்:
நீங்கள் சொன்னதுதான். இடது பக்கக் கட்டை பொடிப்பொடியாக வந்தது. அதைத் தோண்டி எடுத்து, கலவை வைத்து அடைத்து, காய்ந்த பிறகு ஆங்கர் போல்ட் போட்டிருக்கிறது. கப்ளிங் பித்தளை ஹாஃப் த்ரெட், ட்ராப் பிளாஸ்டிக் (ரெஞ்சு மன்னிக்கவும், அம்மா விலையைக் கேட்டார்). 40 மி.மீ. பைப்புக்குள் ட்ராப்பின் வால் ரப்பர் வளையம் வைத்துச் சேர்ந்திருக்கிறது, சுவர் ஓட்டை தெரியாமல் ஒரு வட்டத் தட்டு. வெளியே எல்போ, அதிலிருந்து கீழே கல்லி ட்ராப் வரை ஒரு துண்டு.

பேசினை மேல் ஓட்டை வரை நிரப்பி, அடியில் நியூஸ் பேப்பர் விரித்து, ஒரே மூச்சில் திறந்துவிட்டோம். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் கடைசித் தண்ணீர் இறங்கும்போது "களக் களக்" என்று பெரிய சத்தம். இது பரவாயில்லையா?

ஓய்வு ஓவர்சியர்:
பரவாயில்லை என்று விடாதீர்கள். வெளியே செங்குத்தாக விழும் தண்ணீர் பைப்பை அடைத்துக்கொண்டு இறங்கும்போது பின்னால் இருக்கும் காற்றை இழுக்கிறது, ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரும் கூடவே போகிறது. நீங்கள் கேட்டது அந்தச் சத்தம். நாளாவட்டத்தில் ட்ராப் காலியாகவே இருக்கும், வைத்தும் பயனில்லை. வெளியே இருக்கும் எல்போவை எடுத்துவிட்டு அங்கே ஒரு டீ (T வடிவ மூன்று வாய் இணைப்பு) போடுங்கள், மேல்வாய் திறந்திருக்கட்டும். காற்று அதன் வழியாக வரும், ட்ராப்பைத் தொடாது. வெயில் படுகிற இடம் என்றால் பைப்புக்கு ஒரு கோட் பெயிண்டும் அடித்துவிடுங்கள்.

உப்புத்தண்ணி:
ஆள் இல்லாத பாத்ரூமில் வெயில் காலத்தில் ட்ராப் தானாகவே காய்ந்துவிடுகிறதே, அதற்கு மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் ஆவியாகாது என்றார் ஒருவர். சரியா?

ரெஞ்சு:
எண்ணெய் மிதந்தால் ஆவியாவது குறையும், உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், மார்கழியில் முடியோடு சேர்ந்து கட்டியாக உட்காரும். வாரம் ஒரு மக் தண்ணி ஊற்றுங்கள், செலவே இல்லை.

மாம்பலத்தான்:
எல்போவை எடுத்துவிட்டு டீ போட்டாச்சு. சத்தம் நின்றுவிட்டது, கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன், தண்ணீர் நிறைய நிற்கிறது. மேல்வாய் திறந்திருப்பதால் கொசு வராதா என்று அம்மா கேட்கிறார்.

ஓய்வு ஓவர்சியர்:
ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, வாயில் போர்த்திக் கம்பியால் கட்டுங்கள். மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கழற்றி உதறி மாட்டினால் போதும்.

பெரம்பூர்க்காரி:
எங்கள் வீட்டிலும் தெரிந்துவிட்டது. பேசினும் இல்லை, தரையும் இல்லை, ஹீட்டருக்குப் போகிற பிரஷர் லைன். கீழ்வீட்டு அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார், இப்போது செலவில் பாதி யாருடையது என்று புதுச் சண்டை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.